ரேடியோவும் வீட்டம்மாவும்

எங்கள் தேவாலயத்தைப் பார்க்க எந்தெந்த மூலையிலிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். வந்து இறங்கியதும் என் டிக்கெட் ஜன்னலுக்குள் தலையை விட்டு அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்பதுதான். கோபுரம், ஓவியம், பீடம் எல்லாம் அப்புறம். இந்த ஜன்னலில் உட்கார்ந்து உட்கார்ந்து மனித குலத்தின் மேல் எனக்கிருந்த மரியாதையில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியைக் காப்பாற்றி வைத்திருப்பவர் எங்கள் கைடு, ரேடியோ அண்ணன்.

ரேடியோ என்பது நாங்கள் வைத்த பெயர். காலையில் வாசல் திறந்ததும் ஆரம்பித்தால் மாலையில் பூட்டும்வரை அவர் வாய் ஓயாது. அரை மணி நேரத்தில் தேவாலயம் முழுவதையும் சுற்றிக் காட்டிவிடுவார். ஒரு கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த கூட்டத்தோடு உள்ளே போவார். பங்கு ஃபாதரே ஒருநாள் பிரசங்க மேடையில் நின்றுகொண்டு, "நம்ம ரேடியோ" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் சுற்றிக் காட்டுவதில் சரித்திரம் என்னவோ ஒரு சிட்டிகைதான். மற்றதெல்லாம் அவர் வீட்டம்மா. வாசல் பக்கத்தில் கையில் தடியோடு ஒரு புனிதர் சிலை இருக்கிறது. "அது தடி இல்லீங்க, குடை. மழை வராதுன்னு இவர் சொல்லியிருப்பாரு, வீட்டம்மா விடலை. எங்க வீட்டம்மாவும் அப்படித்தான். நான் குடையைத் தொலைக்கறேன்னு அதை என் பையோட சேர்த்துத் தச்சே குடுத்துட்டாங்க. இப்ப பையையும் சேர்த்துத் தொலைக்கறேன்" என்பார். தேவாலயம் கட்டி முடிக்க நூறு வருஷம் பிடித்தது என்று சொல்லிவிட்டு, "இது என்ன பெரிய காலம்? எங்க வீட்டம்மா பூட்டைப் பூட்டிட்டு, இழுத்துப் பாத்துட்டு, பாதித் தெரு போய்ட்டு, திரும்பி வந்து இழுத்துப் பாத்துட்டுக் கிளம்பறதுக்குள்ள இன்னொரு கோபுரமே கட்டிடலாம்" என்பார்.

கூட்டம் சிரித்து உருண்டு புரள்வது தேவாலயத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு கல்லறை முன்னால்தான். அந்தக் காலத்து வியாபாரி ஒருவரும் அவர் மனைவியும் பளிங்குச் சிலைகளாகப் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். அவருக்குக் கண் மூடியிருக்கிறது. அந்தம்மாவுக்கு வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ரேடியோ அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "செத்தும் பேச்சை நிறுத்தலை பாருங்க. அவர் என்ன பண்ணுவாரு பாவம், தூங்கற மாதிரி நடிக்கறாரு" என்பார். கல்யாணமான ஆண்கள் சத்தமாகச் சிரித்துவிட்டு, பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சிரிப்பார்கள்.

கடைசியாக ஞானஸ்நான அறை. வட்டமான அறை, சுவரை ஒட்டிச் சுற்றிலும் கல் பெஞ்சு. நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் மரக் கூம்பு போட்டு மூடிய ஞானஸ்நானத் தொட்டி. இந்தப் பக்கச் சுவரோரம் கிசுகிசுத்தால் சுவரோடு ஓடிப் போய் எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் காதில் விழும். எங்கள் தேவாலயம் பிரபலமானதே இதனால்தான். புதிதாகக் கல்யாணமானவர்களை ஆளுக்கொரு பக்கம் உட்காரவைத்துப் பேசச் சொல்லிவிட்டு, "எங்க வீட்டம்மா காதுக்கு முன்னால இந்தச் சுவரெல்லாம் தூசுங்க. நான் சமையலறையில பிஸ்கட் டப்பா மூடியைத் திருகினா மொட்டைமாடியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க" என்று முடிப்பார்.

இப்படி வருஷக்கணக்காக அந்தம்மாவைப் பற்றி எத்தனையோ ஆயிரம் பேர் கேட்டாயிற்று. கேட்காதவர் ஒரே ஒருவர்தான். அந்தம்மாவேதான்.

அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இஸ்திரி அறைக்குப் பொறுப்பாளர். அவருக்கு விடுமுறை ஞாயிறு மட்டும். ஞாயிறுகளில் பூசை நடப்பதால் இங்கே சுற்றிக் காட்டுவது கிடையாது. அதனால் புருஷன் வேலை செய்வதை அவர் பார்த்ததே இல்லை. வீட்டிலோ ரேடியோ அண்ணன் வேறு ஆள். போனதும் செருப்பைக் கழற்றுவார், நாற்காலியில் சாய்வார், "ம்" என்பார். அன்றைய பேச்சு முடிந்தது. தொண்டையை அடுத்த நாளுக்குச் சேமிக்கிறாராம். பதிலே வராத வீட்டில் ரெண்டு பேர் பேச்சையும் ஒருத்தரே பேசவேண்டியிருக்கிறது. அதையும் இவர் கேட்டுவந்து மறுநாள் கல்லறை முன்னால் நடித்துக் காட்டுவார். இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் சிரிப்பு வந்துவிடும், என்ன செய்வது.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் கொதிகலன் பழுதாகி, இஸ்திரி அறைக்கே விடுமுறை விட்டுவிட்டார்கள். அண்ணி தன்னோடு வேலை செய்யும் பெண்களை ஒரு பட்டாளமாகத் திரட்டிக்கொண்டு என் ஜன்னல் முன்னால் வந்து நின்றார். தலையைப் பளிச்சென்று வாரி, கைப்பையைத் துடைத்து, முகம் முழுக்கப் பெருமை.

"எங்க வீட்டுக்காரர் வீட்ல ஒரு வார்த்தை பேசமாட்டாரு. படிப்பாளிங்க அப்படித்தான் இருப்பாங்க. ஆனா இங்க அவரு சரித்திரம் சொல்ல ஆரம்பிச்சா பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேப்பாங்களாம்" என்று என்னிடம் சொல்வதுபோல் பட்டாளத்துக்குச் சொன்னார்.

பட்டாளத்துக்கான டிக்கெட்டுகளை முடிந்தவரை மெதுவாகக் கிழித்தேன். போதாததற்கு அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றது பேக்கரிக்காரர். வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் இங்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். ரேடியோ அண்ணனின் ஜோக்குகள் அவருக்கு மனப்பாடம். அண்ணன் சொல்வதற்கு முன்னாலேயே சிரிப்பார், விட்டுப்போனால் எடுத்துக் கொடுப்பார். அன்றைக்குச் சம்பந்தி வீட்டாரோடு வந்திருந்தார். நான் 'டீ இடைவேளை' பலகையை ஜன்னலில் மாட்டிவிட்டுப் பின்னாலேயே போனேன். உதவி செய்ய என்று சொல்ல ஆசைதான். வேடிக்கை பார்க்கப் போனேன்.

மனைவியைக் கூட்டத்தில் பார்த்ததும் ரேடியோ அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. புனிதர் சிலை முன்னால் போய் நின்றார். "இது... ஒரு புனிதர்" என்றார். தடியைப் பார்த்தார். "கையில தடி. தடிதான்" என்றார். அடுத்து, தூணைக் காட்டித் தூண் என்றார். வீட்டம்மாவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவரிடம் சரக்கே இல்லை. இஸ்திரிப் பெண்களில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். இன்னொருத்தி அவளை இடித்தாள். அண்ணி முகத்திலிருந்த பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிவதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

கல்லறைக்கு வந்தார்கள். "இவர் வியாபாரி. இது அவர் மனைவி. ரெண்டு பேரும் இறந்துட்டாங்க" என்றார் ரேடியோ அண்ணன்.

பேக்கரிக்காரருக்குப் பொறுக்கவில்லை. சம்பந்தி முன்னால் மானம் போகிறதே! "என்ன சார் இன்னைக்கு? வாயைப் பத்திச் சொல்லுங்க! அந்த வீட்டம்மா கதையை எடுத்து விடுங்க!"

"எந்த வீட்டம்மா?" என்று அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரும் அந்தக் கலர்க் கண்ணாடி ஜன்னல்களைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு இருங்க! ரொம்ப முக்கியமான ஜன்னல்கள்!" என்று கத்திவிட்டு ரேடியோ அண்ணன் மறைந்தார். சற்று நேரம் கழித்து என் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். அவர்தான். பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறார். இழுத்துக்கொண்டு போய் ஞானஸ்நான அறையில், சுவரோரக் கல் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"இங்க பேசினா ஒருத்தருக்கும் கேக்காது" என்று கிசுகிசுத்தார்.

பயத்தில் மனுஷனுக்கு மூளை எப்படி மழுங்கும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். இதில் என்னைச் சேர்க்காதீர்கள். நான் நாள் முழுக்க வெளியே ஜன்னலில் கிடப்பவள்.

"தங்கச்சி, அந்த பேக்கரிக்காரரை எப்படியாவது வெளிய இழுத்துட்டுப் போயிடு. வண்டி வழியை மறைக்குதுன்னு சொல்லு. கடையில ரொட்டி கருகுதுன்னு சொல்லு."

"எதுக்குண்ணா? கதையைச் சொல்லிட்டுத்தான் போங்களேன். அண்ணி என்ன கடிச்சா தின்னுடப் போறாங்க?"

"உனக்குத் தெரியாதும்மா. அவ என்னைப் பெரிய மேதைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. சரித்திரமெல்லாம் எனக்கு எப்பவோ மறந்துபோச்சு. குடை, பூட்டு, பிஸ்கட் டப்பா, அவளோட நீலச் செருப்பு, தூக்கத்துல அவ சிரிக்கறது, ஒண்ணு விடாம எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவ இல்லைன்னா எனக்குப் பேசறதுக்கு ஒண்ணுமே கிடையாது. தெரிஞ்சா மூஞ்சியில முழிக்கமாட்டா."

சுவர் கேட்டது: "நீலச் செருப்பைப் பத்தி என்ன சொன்னீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரேடியோ அண்ணன் பெஞ்சோடு பெஞ்சாக உறைந்துபோனார். தொட்டிக்கு அந்தப் பக்கம், கூம்பு மறைவில், முழங்கால் வலிக்கிறது என்று அண்ணி வந்து உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பிறகு சுவர் மறுபடி பேசியது. இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது. "நான் தூக்கத்துல சிரிப்பேனா? எங்கிட்ட சொன்னதே இல்லையே நீங்க."

அண்ணி எழுந்து தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். "போங்க. எல்லாரும் காத்துட்டு நிக்கறாங்க. அந்த ஆள் கேட்ட கதையைச் சொல்லுங்க. நானும் கேக்கறேன்."

சொன்னார். கல்லறையிலிருந்து ஆரம்பித்து, பின்னோக்கிப் புனிதர் சிலைவரை எல்லாவற்றையும் சொன்னார். முதலில் குரல் நடுங்கியது. இஸ்திரிப் பெண்கள் முதல் சிரிப்புச் சிரித்ததும் ரேடியோ பிடித்துக்கொண்டது. "அக்கா, ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தானே! இஸ்திரிப் பெட்டியை அணைச்சுட்டு எத்தனை தடவை திரும்பி வந்து தொட்டுப் பாக்கறீங்க!" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணி கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. விஷயம் புரிந்த பேக்கரிக்காரர், "வீட்டம்மாவே நேர்ல வந்திருக்காங்களா!" என்று கூவி, பளிங்கு அம்மாவுக்குப் பக்கத்தில் அண்ணியை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு சம்பந்தி வீட்டார் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். படமெல்லாம் முடிந்ததும் அண்ணி பட்டாளத்தோடு கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் ரேடியோ அண்ணன் பேயறைந்த மாதிரி வந்தார். "வீட்ல சத்தமே இல்ல தங்கச்சி. கடிகாரம் ஓடறது கேக்குது. நான் ஏதாவது கேட்டா 'ம்'ங்கறா."

"நீங்களே பேசவேண்டியதுதானே?"

"வாயைத் திறந்தேன். என்ன பேசறதுன்னு தெரியலை."

எனக்கு வந்ததே கோபம். "பாத்ரூம் தேடிட்டு வர்றவன்கிட்டயெல்லாம் அவங்களைப் பத்திப் பேச வருது, அவங்ககிட்ட பேச வரலையா? நல்லா இருக்குண்ணா உங்க நியாயம்!" என்று பிடித்துக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அந்த வாரம் முழுக்க அவர் கூட்டங்கள் கொட்டாவியோடு வெளியே வந்தன. வீட்டில் பேச்சு இல்லாததால் புதிதாக ஜோக்கும் இல்லை. பழசைச் சொல்ல மனசும் வரவில்லை. ஒருத்தர் என்னிடம் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

அதற்கடுத்த வாரம், வேலை நாளில், ஜன்னலில் ஒரு கை காசை நீட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணி. தனியாக வந்திருந்தார். காலில் புது நீலச் செருப்பு.

"லீவு போட்டுட்டு வந்தேன். ஒரு டிக்கெட் குடும்மா."

"என்ன அண்ணி இது! நம்ம ஆளுங்க வீட்டுக்கெல்லாம் இங்க டிக்கெட் கிடையாது. சும்மா உள்ள போங்க."

"வேண்டாம் வேண்டாம், வாங்கிக்கோ" என்று காசை உள்ளே தள்ளினார். "நான் தூக்கத்துல சிரிக்கறதை அன்னைக்கு அவரு எப்படிச் சொன்னாருன்னு பாத்தியா? மூச்சு விடறதைக்கூட கவனிச்சு வச்சிருக்காரு. நான் என்னவோ இத்தனை வருஷமா செவுத்தோட பேசிட்டிருக்கோம்னு நெனச்சேன். இன்னும் என்னென்ன தெரிஞ்சு வச்சிருக்காரோ, எல்லாத்தையும் கேக்கணும். வீட்ல ஓசியில கேட்டா அந்த மனுஷன் வாயைத் திறக்கமாட்டாரு. காசு குடுத்தாத்தான் பேசறாரு."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் காத்திருந்த கூட்டத்தை இரண்டு முழங்கையாலும் விலக்கிக்கொண்டு போய், முதல் ஆளாக நின்றார்.