பழைய மானிட்டரில் திரும்பியவள்

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் விலைச் சீட்டைப் பார்த்ததும் மானிட்டரை விட்டுவிட்டு என்னைத்தான் முறைப்பார்கள். அந்தக் காசில் நான் மாடிமேல் மாடி கட்டுகிறேன் என்று நினைப்பு. பஸ் ஓட்டுகிற அந்த அண்ணன் ஒருவர்தான் விலையைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

"இருக்கிறதிலேயே துல்லியமா காட்டுறது எது தம்பி?"

"எதுக்குண்ணே? கேம் விளையாடவா?"

"என் பொண்ணைப் பாக்கணும்."

வெளிநாட்டில் படிக்கிற பெண்ணோடு வீடியோவில் பேசுவதற்குப் போல என்று நினைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார்.

அவர் வீட்டுக்கு எதிரே உள்ள மருந்துக்கடைக் கேமராவில் பதிவானது. அதில் இருப்பதை அவரே சொன்னார். தோளில் பையோடு ஒரு பெண் கேட்டைத் திறந்து வெளியே வருகிறாள், தெருமுனைவரை நடக்கிறாள், மறைகிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. போலீஸும் தேடிக் களைத்துவிட்டது.

"அன்னைக்குக் காலையில சண்டை. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டேன், கோவத்துல. ஆனா முனையில திரும்பி வீட்டைப் பாக்குறா தம்பி. எங்க பழைய மானிட்டர்ல தெரியுது. முகம்தான் தெரியல. அழுதாளா, வெறுத்துப் போனாளா, அது தெரிஞ்சா போதும்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, கேமரா பிடிக்காத முகத்தை மானிட்டர் எங்கேருந்து கொண்டுவரும்? காசைக் கரியாக்காதீங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கல்லாவிலிருந்து முதலாளி, "வாங்க வந்தவரை விரட்டுறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்றார். அண்ணன் ஸ்கூட்டரை விற்ற பணத்தோடு வந்திருந்தார். பழைய மானிட்டரையும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு, புதியதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுவாரம் மனைவியோடு வந்தார். புதிய மானிட்டர் பெட்டியோடு திரும்பி வந்திருந்தது. அவர் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அந்த அக்காதான் பேசினார்.

"எங்க பழசைக் கொடுத்துடுங்க தம்பி. இதுல அவ திரும்பவே இல்ல."

எனக்குச் சட்டென்று விளங்கியது. பழைய திரைகள் மந்தமானவை. அசைகிற உருவம் நகர்ந்த பிறகும் அதன் நிழல் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு பின்னால் இழுபடும். அந்த நிழலைத்தான் இவ்வளவு நாளாக அவள் திரும்புகிறாள் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நல்லவேளை, பழசு குடோனில்தான் கிடந்தது. தூசி தட்டி, மாட்டி, படத்தை ஓடவிட்டேன். கேட் திறந்தது. பெண் நடந்தாள். முனையில் அவள் தலைக்குப் பின்னால் ஏதோ வெளிறி நகர்ந்தது. எல்லாம் தெரிந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "நீங்க விவரம் தெரிஞ்சவரு. சொல்லுங்க தம்பி. திரும்புறாளா?"

"திரும்புறாண்ணே" என்றேன்.

தலையை ஆட்டினார். நம்பினாரா, எனக்காக ஆட்டினாரா தெரியவில்லை. புதியதற்குக் கொடுத்த பணத்தை முதலாளி முனகிக்கொண்டே எண்ணிக் கொடுத்தார். வாசல்வரை போன அண்ணன் திரும்பி வந்தார்.

"இது கெட்டுப்போச்சுன்னா, இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா? எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல."

"பாத்து வைக்கிறேண்ணே."

அந்த வீடியோவை என் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் எந்த ஓட்டை மானிட்டர் வந்தாலும் முதலில் அதைத்தான் ஓடவிடுவேன். உனக்கென்ன பைத்தியமா என்று முதலாளி கத்துவார். கத்தட்டும். அவர்கள் வீட்டில் இருப்பது கிழட்டுத் திரை, எந்த நேரமும் அணைந்துவிடும். இங்கே எத்தனையோ வந்துபோய்விட்டன. எல்லாவற்றிலும் அவள் நேராக நடந்து போய்க்கொண்டே இருக்கிறாள்.