உரிந்து வந்த முகம்

எங்கள் மேல்வீட்டுப் பர்மியப் பெண் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது, வீட்டைப் பூட்டிவிட்டு, ஓர் எண்ணெய் ஓவியத்தை மட்டும் என்னிடம் விட்டுச் சென்றாள். காலமான அவள் கணவர் கப்பலில் வேலை பார்த்த நாளில் பிரான்சிலிருந்து வாங்கிவந்தது அது. அந்நாட்டின் பிரிட்டனிக் கடற்கரையில் வெள்ளைத் தொப்பியணிந்த பெண்கள் கடற்பாசி வாரும் படம்.

பர்மாவில், இந்தத் தாமுவேப் பேட்டையில் எங்களுக்கு இருப்பது ஒரே கூடம். தொழுகையின்போது உருவம் கண்ணில் படாமலிருக்கப் படத்தின்மேல் துணி போடுவேன். அடைமழையில் ஒருநாள் காயாத லுங்கியைப் போட்டவன், தொழுது முடித்து அதை எடுக்க மறந்துவிட்டேன். மறுநாள் இழுத்தபோது, நடுவில் குனிந்திருந்தவளின் முகம் துணியோடு உரிந்து வந்தது.

மேல்வீட்டுப் பெண் திரும்பி வந்து படத்தைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு, மாமா?"

"மேலேயிருந்து தண்ணீர் ஒழுகியதம்மா."

"என் வீட்டுக் குழாயா?"

தலையாட்டினேன்.

"பூட்டிப்போட்டுப் போனது என் தப்புதான். உங்களுக்கும் எவ்வளவு தொல்லையோ," என்று அழுதாள்.

மறுநாள் காலையில் என் தலைக்குமேல் உளிச் சத்தம் கேட்டது. ஒழுகாத குழாயைத் தேடிக் குளியலறைத் தரையை ஆள் வைத்து உடைக்கிறாள். சிறிது நேரம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு படியேறினேன்.

"உடைக்க வேண்டாம். குழாய் ஒழுகவில்லை. ஈரத்துணி போட்டு நான்தான் கெடுத்தேன்."

"கெட்டது கெட்டுப்போச்சு, மாமா," என்றாள். "ராத்திரி முழுக்க இறந்துபோன அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேனே."