சுல்பா பிடித்த திரை

கரைத்தீவுக் குடியிருப்பில் ஒரு பெண் மௌத்தானால், பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்பே ஷஃபீனாவின் வீட்டுப் படலையை யாராவது வந்து தட்டிவிடுவார்கள். பெண் மையித்துகளை, இறந்த உடல்களை, அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டுவது அவள் வேலை. அதற்குக் கூலி கிடையாது, அவள் கேட்டதும் கிடையாது. வயிற்றுப்பாட்டுக்குக் காலையில் இடியப்பம் அவித்து விற்றாள். ஆனாலும் அவளை இடியப்பக்காரி என்று ஒருவரும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அவள் குளிப்பாட்டுகிற ராத்தாதான்.

வடக்கிலிருந்து முஸ்லிம்களை இயக்கம் விரட்டிய தொண்ணூறாம் ஆண்டு, மன்னார்ப் பக்கத்திலிருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்தில் வந்து இறங்கியபோது அவளுக்குப் புதுக் கலியாணம். முகாமின் ஓலைக் கொட்டிலில் குடியிருந்த முதல் வருஷம், பிள்ளைப்பேற்றில் ஒரு இளம்பெண் போய்விட்டாள். குளிப்பாட்டத் தெரிந்த மூத்தவர்கள் வந்த வழியிலேயே திசைக்கொன்றாகச் சிதறியிருந்தார்கள். மௌலவி எட்ட நின்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஷஃபீனா தண்ணீர் ஊற்றினாள். மறைப்புக்குச் சுவர் ஏது, வேலி ஏது? ஒரு வெள்ளைத் துணியின் ஒரு நுனியைக் கம்பில் கட்டி, மறு நுனியைப் பக்கத்துக் கொட்டில் சுல்பா பிடித்துக்கொண்டாள். அப்போது சுல்பாவுக்குக் கலியாணம்கூட ஆகவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆனால் கையைத் தாழவிடாமல் கடைசிவரை நின்றாள்.

அன்றைக்குத் தொடங்கிய கூட்டு அது. முகாம் குடியிருப்பானது, கொட்டில்கள் கல்வீடுகளாயின, திரையும் பழசாகிப் பழசாகிப் புதுசு வந்தது. எந்த வீட்டில் மையித்து விழுந்தாலும் ஷஃபீனா தண்ணீர் ஊற்ற, சுல்பா திரை பிடிப்பாள். வேலை முடிந்ததும் ஷஃபீனா அதை அவித்துத் துவைத்து, கற்பூரத் துண்டுகளை உள்ளே வைத்து மடித்து, தன்னுடைய அலுமாரியின் கீழ்த்தட்டில் வைப்பாள். கொல்லைப்புறத்தில், வேலியடைப்புக்குள் மட்டுமே விரிக்கிற துணி என்பதால் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் அதைப் பார்த்த மட்டில் அடையாளம் தெரியாது.

திரைக்குள் கண்டது திரைக்குள்ளேயே கிடக்க வேண்டும். குளிப்பாட்டுகிறவளுக்கு மார்க்கம் சொல்லிவைத்த ஒழுங்கு அது. ஷஃபீனா என்னென்னவோ கண்டிருக்கிறாள். ஊரெல்லாம் மெச்சுகிற கணவன்மாரின் மனைவியர் முதுகில் இருந்த தழும்புகளைக் கண்டிருக்கிறாள். கண்டதையெல்லாம் விழுங்கிவிட்டு, மறுநாள் காலையில் அதே கணவன்மாருக்கு ஒன்றும் தெரியாதவள்போல இடியப்பம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

அவளுடைய உடம்பிலும் ஒரு ரகசியம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் இடது மார்பை எடுத்துவிட்டு வந்தாள். கணவன் ஜபார் அதற்கு முன்பே மௌத்து. மகன் அஃப்ராஸ் கட்டாரில். பெண்பிள்ளை இல்லை. கூடப் போய், ஆஸ்பத்திரியில் கால்மாட்டில் பாய் விரித்துப் படுத்து, கஞ்சி பருக்கியவள் சுல்பா. ஊருக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னவளும் அவள்தான். திரும்பி வருகிற பஸ்ஸில் இருவரும் ஒரு வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். யார் முந்திப் போனாலும் மற்றவள்தான் குளிப்பாட்ட வேண்டும். அந்த வாக்குக்குப் பிறகு ஷஃபீனாவுக்குச் சாவைப் பற்றிப் பயமே விட்டுப்போயிற்று.

பிறகு கொரோனா வந்தது. முதல் வருஷம் அந்த நோயில் மௌத்தான முஸ்லிம்களையும் அரசாங்கத்தார் எரித்தார்கள். இரண்டாம் வருஷம் எரிப்பதை நிறுத்தி, ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கச் சொன்னார்கள். குளிப்பாட்டுவதற்கு மட்டும் இடமில்லை. கொழும்பில் இருந்த ஷஃபீனாவின் மூத்த சகோதரி அப்படித்தான் போனாள். ஊரிலுள்ள பெண்களையெல்லாம் குளிப்பாட்டி அனுப்பிய கைக்கு, கூடப் பிறந்தவளின் முகத்தைத் தொடக் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் ஷஃபீனாவுக்குள் அடுப்புத் தணல்போலக் கனன்றுகொண்டே இருந்தது.

ஆகவே ஊசி வந்தபோது, ஊரே பின்னுக்கு நின்ற வேளையில் அவள் முன்னுக்கு நின்றாள். ஊருக்குப் பயம். எரித்தவர்கள் தருகிற ஊசியை எப்படி நம்புவது என்று ஆண்கள் கேட்டார்கள். பிள்ளை தங்காதாம் என்று பெண்கள் காதோடு காதாகச் சொன்னார்கள். ஆண்கள் நிற்கிற இடத்தில் கையைத் திறந்து காட்டுவதா என்பது இன்னொரு வெட்கம். வன்னியிலிருந்து சண்டைக் காலத்தில் வந்து புத்தளத்திலேயே தங்கிவிட்ட மருத்துவமாது நிசாந்தி, எல்லாக் கதவையும் தட்டிக் களைத்துக் கடைசியில் ஷஃபீனாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கள் சொன்னால் வருவினம் அக்கா. தனி அறை, திரை, ஊசி போடப் பொம்பிளை நேர்ஸ், எல்லாம் என்ர பொறுப்பு."

திரை இல்லாவிட்டால் ஒருத்தியும் வரமாட்டாள் என்று ஷஃபீனா திருப்பித் திருப்பிச் சொன்னாள். அவளுக்கே திரை தேவைப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து சுல்பாவையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். நயமாகப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"ஊசி போட்டா இரண்டு நாளைக்குக் காய்ச்சல் காயும். போடாம இந்த நோயில போனா, குளிப்பும் இல்லாம உறைக்குள்ள கட்டிக் கொண்டுபோவாங்க. எது வேணுமெண்டு நீங்களே யோசிங்க."

இளம் பெண்களில் வாய்க்காரியான நஃபீஸாவே இதைக் கேட்டு இறங்கி வந்தாள். திரை இருக்கும் என்று சத்தியம் பண்ணினால் வருகிறேன் என்றாள். ஷஃபீனா பண்ணினாள்.

ஊசி போடுகிற நாள், பாடசாலையில் எல்லாம் இருந்தது. நேர்ஸ் இருந்தாள், ஊசி இருந்தது, கதிரைகள் இருந்தன. திரையைத்தான் காணவில்லை. எத்தாளை ஊருக்குப் போன வாகனத்தில் அதுவும் ஏறிப் போய்விட்டதாம். நிசாந்தி போனைக் காதில் வைத்தபடி முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தாள். வகுப்பறைக்குக் கதவில்லை, ஜன்னலுக்குக் கம்பிவலை மட்டும். ஆண்கள் வரிசை நேர் எதிரே. நஃபீஸா ஷஃபீனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் எழும்பினார்கள்.

சுல்பா ஷஃபீனாவின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ராத்தா, நம்மட திரை இருக்குதே. அவிச்சுத் துவைச்சுத்தானே வச்சிருக்கு. வெறும் வெள்ளைத் துணி, ஆருக்குத் தெரியப்போகுது? திறப்பத் தாங்க, நான் ஓடிப் போய் எடுத்திட்டு வாறன்."

ஷஃபீனா தயங்கினாள். மையித்துக்குப் பிடிக்கிற துணியை உயிரோடிருப்பவர்களைச் சுற்றிக் கட்டுவதா என்று மனசு இடறியது. சொன்னால் ஒருத்தியும் நிற்கமாட்டாள், சொல்லாமல் கட்டினால் அது ஒரு மறைப்பு. ஆனால் துணியில் என்ன இருக்கிறது, இந்தப் பெண்கள் இன்றைக்குத் திரும்பிப் போனால் பிறகு வரவே மாட்டார்கள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அலுமாரித் திறப்பை எடுத்துக் கொடுத்தாள். அவள் செய்த பிழை அதுதான். அதை அவள் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை.

வாசலிலிருந்து ஜன்னல்வரை வெள்ளைத் திரை விரிந்தது. ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு நுனியை வழக்கம்போல சுல்பா பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரித் திரை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஷஃபீனாதான் முதல் ஆள். இடது கைச் சட்டையைத் தூக்கப்போன நேர்ஸிடம், அந்தப் பக்கம் வேண்டாம் என்று முணுமுணுத்து வலது கையை நீட்டினாள். வெளியே சுல்பா திரையை இன்னும் கொஞ்சம் இழுத்து இடைவெளியை மூடினாள். முகாமில் பார்த்த அதே கை என்று ஷஃபீனாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

அடுத்து வந்த நஃபீஸா மூக்கைச் சுளித்தாள். கற்பூரம் மணக்கிறதே என்றாள். சுல்பா கொஞ்சமும் தடுமாறாமல், அது ஊசி மருந்தின் மணம் என்று சொல்லிவிட்டு ஷஃபீனாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பகலுக்குள் குடியிருப்பின் பெண்கள் அநேகமாக எல்லோரும் போட்டு முடித்துவிட்டார்கள். நிசாந்தி ஷஃபீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்க நன்றி சொன்னாள். சுல்பா ஒரு பக்கத்தில் நின்று திரையை மடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரமே நஃபீஸாவுக்குக் காய்ச்சல் அடித்தது. அடிக்கும் என்று சொல்லித்தான் பனடோலும் கொடுத்திருந்தார்கள். ஆனால் காய்ச்சலில் கிடக்கிறவளுக்கு நினைவெல்லாம் கற்பூரத்திலேயே போய் நின்றது. அந்த மணம் அவளுக்கு எங்கே பழக்கம்? உம்மாவின் ஜனாஸாவில், குளிப்பாட்டி எடுத்த நாளில். பார்க்க வந்த சுல்பாவிடம், அது எந்தத் திரை என்று பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்லும்படி கேட்டாள்.

இரண்டாம் நாள் காலை ஷஃபீனா இடியப்பத் தட்டை அடுப்பில் வைத்திருந்த நேரம், படலையடியில் ஒரு கூட்டம் வந்து நின்றது. முன்னால் நஃபீஸா, முகம் வெளிறி, தலையில் சால்வையோடு.

"எங்கள உயிரோட மையித்தாக்கிப்போட்டீங்களே ராத்தா," என்றாள். "சுல்பா ராத்தா வேணாம் வேணாமெண்டு கெஞ்சினாவாம். நீங்கதான் கேக்கலியாம்."

ஷஃபீனாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கூட்டத்துக்குள் சுல்பாவைத் தேடினாள். சுல்பா கடைசியில், வேலியோடு ஒட்டி நின்றாள். ஷஃபீனா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் தலையைக் குனிந்து சால்வையின் நுனியை விரலில் சுற்றினாள்.

கிணற்றடியில் நடந்ததை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திறப்பைக் கேட்டு வாங்கி ஓடியது யார் என்று கேட்டிருந்தால், கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் சுல்பா என்ன செய்வாள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. திரையைப் பற்றிச் சொன்னவள், திரைக்குள் இருப்பதைப் பற்றிச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? ஷஃபீனாவின் கை தானாகவே மார்புச் சீலையை இழுத்துவிட்டது. அதைக் கண்ட சுல்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ட பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்க," என்று சொல்லிவிட்டு ஷஃபீனா உள்ளே போனாள். தட்டிலிருந்த இடியப்பம் தண்ணீர் வற்றிக் கரிந்திருந்தது.

துவைத்த துணியில் ஒரு குற்றமும் இல்லை என்று மௌலவி பள்ளிவாசலிலேயே சொன்னார். யார் கேட்டார்கள்? சுல்பா பயத்தில் சொன்னாளா, நிசாந்தியின் நன்றி தனக்கு வராத எரிச்சலில் சொன்னாளா என்று ஷஃபீனா பல நாள் யோசித்துப் பார்த்தாள். பொறாமை என்றாலும் பொறுத்திருப்பாள். வேண்டாமென்று கெஞ்சினேன் என்றாளே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. ஊரின் அத்தனை ரகசியத்தையும் விழுங்கிய தொண்டையில் இந்த ஒன்று முள்ளாக நின்றது.

இடியப்பம் வாங்க மட்டும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவள் கையால் அவித்ததில் ஒருவரும் குறை காணவில்லை. இரண்டாவது ஊசிக்கு நிசாந்தி பச்சை நிறத்தில் புத்தம்புதுத் திரை கொண்டுவந்து கட்டினாள். முதலில் முணுமுணுத்த பெண்கள் எல்லோரும் வந்து போட்டுக்கொண்டார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவள் சுல்பா. ஷஃபீனா கடைசி ஆளாகப் போய், வலது கையை நீட்டி, யாரோடும் கதைக்காமல் வீட்டுக்கு வந்தாள்.

மழை தொடங்கிய காலத்தில், வருஷக்கணக்காகப் பாயில் கிடந்த நஃபீஸாவின் மாமி மௌத்தானாள். கொரோனா இல்லை என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள், வீட்டிலேயே குளிப்பாட்டலாம். ஒலிபெருக்கியில் செய்தி கேட்டதும் ஷஃபீனா பழக்கத்தில் எழும்பி, கைகால் கழுவி, படலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இது மையித்து வீடு, இதற்காவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள். தெருவால் ஆட்கள் போனார்கள். ஒருவரும் படலையைத் தட்டவில்லை.

வெயில் ஏறிய பிறகு தட்டியவள் சுல்பா. உள்ளே வரவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"என்னத்தான் குளிப்பாட்டச் சொன்னாங்க. திரை உங்கட வீட்டிலதானே இருக்குது."

உயிரோடிருப்பவர்களுக்குக் கட்டியதற்காக ஊரே காறித் துப்பிய திரை. ஷஃபீனா உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். துணி மடிப்புக் குலையாமல் இருந்தது, கற்பூரம் கரைந்துபோயிருந்தது. புதுத் துண்டு ஒன்றை எடுத்து நடுவில் வைத்தாள். கிழவி என்ன பாவம் செய்தாள், அவளை வெட்டவெளியில் கிடத்த முடியுமா?

துணியைச் சுல்பாவின் இரண்டு கையிலும் வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே சொன்னாள்.

"கெதியாப் போ, மையித்தக் காக்க வைக்காத. சுல்பா, நான் மௌத்தானா நீ வர வேணாம்."

சுல்பா நிமிர்ந்தாள்.

"அப்ப ஆரு ராத்தா உங்களக் குளிப்பாட்டுறது?"

"ஆரும் வரட்டும். என்னத் தெரியாத ஆரும்."

சுல்பா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, திரையை அபாயாவுக்குள் செருகிக்கொண்டு நஃபீஸாவின் வீட்டுப் பக்கம் நடந்தாள்.