மையொற்றுத்தாளுக்கு அடியில் ஒரு பெயர்

தீவின் தலைநகரான போர்ட் லூயிசில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் புகார்க் கடிதங்களைப் படித்துக் குறிப்பெழுதுவது ஆறுமுகத்தின் வேலை. எத்தனையோ வருடங்களாக அவர் ஒரு கடிதத்தையும் அப்படியே எடுத்துப் படித்ததில்லை. எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தை மையொற்றுத்தாளால் மறைத்துக்கொண்டுதான் முதல் வரிக்குப் போவார். புகாரில் நியாயம் உண்டா இல்லையா என்று ஓரத்தில் பென்சிலால் குறித்த பிறகே தாளை எடுப்பார்.

“பேரைப் பார்த்துட்டா கண்ணு கடுதாசியைப் படிக்காது” என்பார், கேட்டவர்களிடம். அதற்கு மேல் சொன்னதில்லை.

1956இல் அவர் துறைமுகச் சர்க்கரைக் கிடங்கில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். அரசாங்க எழுத்தர் தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. வயது வரம்பின்படி அந்த வருடம்தான் கடைசி வாய்ப்பு. அதே கிடங்கில் தட்டச்சு செய்த, ரோஷ் புவா பகுதியைச் சேர்ந்த பெண் ஊகெட்டும் தேர்வு எழுதவிருந்தார். மதிய இடைவேளையில் இருவரும் பழைய வினாத்தாள்களை வைத்துப் படித்தார்கள். ஒரு வாதத்தைக் கொடுத்து, அதில் ஓட்டை எங்கே என்று கேட்கும் பகுதி ஒன்று உண்டு. ஆறுமுகம் தடுமாறுவது அங்கேதான். ஊகெட்டோ அரிசியில் கல் பொறுக்குவது போல ஓட்டையை எடுத்துப் போட்டுவிடுவார்.

தைப்பூசம் முடிந்த மறுவாரம் தேர்வு. ஆறுமுகம் பத்து நாள் விரதமிருந்து காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டார்.

“படிக்கிற நேரத்துல எதுக்குப் பட்டினி?” என்று க்ரியோலில் கேட்டார் ஊகெட். இருவருக்கும் அதுதான் பேச்சுமொழி.

“எங்க கோயில் பக்கம் போன வருஷம் பாஸ் பண்ணினவங்க மூணு பேர். மூணு பேரும் காவடி எடுத்தவங்க.”

“எடுத்துட்டு ஃபெயிலானவங்க?”

ஆறுமுகம் அதை விசாரித்ததே இல்லை. கோபம்தான் வந்தது.

“நீ சர்ச்சுக்குப் போறவ. காவடியைப் பத்தி உனக்கென்ன தெரியும்?”

“ஆலா! என் அம்மாவோட தாத்தா பேரு வீரசாமி, மிஸ்யே!” ஊகெட் சிரித்தார். ஆனால் வினாத்தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து மதியத்தில் வரவில்லை.

காவடியன்று தார்ச்சாலை கொதித்தது. பக்தர்களின் காலில் தண்ணீர் ஊற்ற வாளியோடு நின்றவர்களில் ஊகெட்டும் இருந்தார். ஆறுமுகத்தின் நாக்கில் வேல், பேச முடியாது. தலையையாவது அசைத்திருக்கலாம். ஈரக் காலோடு கடந்து போனார்.

தேர்வில் ஒரு கேள்வி: கிணற்று நீர் கெட்டுவிட்டது என்கிறார் ஒருவர். ‘நீ இந்த ஊர்க்காரனே இல்லை, உன் பேச்சை ஏன் கேட்க வேண்டும்?’ என்கிறார் மற்றவர். இரண்டாமவர் செய்யும் பிழை என்ன?

ஆறுமுகத்துக்கு முகம் சுட்டது. ஊகெட்டிடம் அவர் சொன்னதும் இதேதான். ‘சொன்னதை விட்டுவிட்டுச் சொன்னவரைத் தாக்குகிறார்’ என்று எழுதினார்.

இடங்கள் மூன்று. மூன்றாவது பெயர் ஆறுமுகம், நான்காவது ஊகெட். நடுவே ஒரே ஒரு மதிப்பெண். அந்தக் கேள்விதான் தனக்கு வேலை வாங்கித் தந்தது என்று நினைப்பதும் ஓட்டை வாதம்தான். அந்த மதிப்பெண் எந்தக் கேள்வியிலிருந்தும் வந்திருக்கலாம். இது அவருக்குத் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை. பிற்பாடு கோயிலில் விசாரித்தார். காவடி எடுத்தும் தோற்றவர்கள் ஏழு பேர்.

ஊகெட்டைப் பார்த்துப் பேச வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தார். 1967இல் ஊகெட் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிய செய்தி, நான்கு நாள் கழித்துத்தான் அவர் காதுக்கு வந்தது. ஊகெட்டின் தங்கை மிஷ்லினிடம் முகவரி வாங்கினார். தீவுக்கு விடுதலை கிடைத்துப் புதுக்கொடி ஏறியது. கடிதம் மட்டும் போகவில்லை. ஊகெட்டுக்குச் சேர வேண்டிய மன்னிப்பு ஆறுமுகத்திடமே நின்றுவிட்டது.