எல்சியின் விடியல் தாள்

மராத்தி பேசும் ஊரான கிர்கி வட்டாரத்தில் எல்சி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. குலால் எல்சி என்றால் ரயில்வே கேட்டிலிருந்தே வழி சொல்வார்கள். அந்தப் பட்டம் அவளுக்கு 1981 கிறிஸ்துமஸ் காலையில் கிடைத்தது.

அதுவரை அவள் ஆபீசில் டைப் அடிக்கிற, கல்யாணம் எப்போது என்று கேட்பவர்கள்மீது எரிந்து விழுகிற, நாற்பது வயது எல்சி மட்டும்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தாளுக்கு நிறம் ஏற்றுவாள். தடித்த பழுப்புத் தாளில் மைதாப் பசை தடவி, ஈரம் காயுமுன் டீ வடிகட்டியால் நீலப்பொடி, காவி, மஞ்சள் என்று தூவி, சீப்பால் இழுத்து, வாயால் ஊதி, கசக்கிப் பிரிப்பாள். மலை வரும், மேகம் வரும், சில நாள் சாணி தட்டிய சுவர் மாதிரியும் வரும். மூன்றாவது ரகம்தான் அதிகம். திங்கட்கிழமை மூக்கைச் சிந்தினால் மூன்று நிறம் வரும்.

அவளுக்கு ஒரே ஆசை. கோயில் குடிலில், குழந்தை யேசுவுக்குப் பின்னால் தன் தாள் நிற்க வேண்டும்; இது எல்சி செய்தது என்று நாலு பேர் சொல்ல வேண்டும். குறுக்கே நின்றவர் குடில் பொறுப்பாளர் லூர்துசாமி. பதினோரு வருஷமாக ஒரே கருநீலத் தாளைத் தொங்கவிட்டார். அதில் எலி கடித்த ஓட்டைக்குப் பின்னால் ஒரு பல்பை வைத்து, வால்நட்சத்திரம் என்று சாதித்தார்.

ஒவ்வொரு டிசம்பரும் எல்சி தன் விடியற்கால வானத்தைக் கொண்டுபோய்க் காட்டுவாள்.

"ராத்திரி பொறந்த சாமிக்கு விடியல் எதுக்கும்மா? வேதத்தையே மாத்துறியா?" என்பார்.

அந்த வருஷம் எலிகள் நட்சத்திரத்தோடு வானத்தையும் தின்று தீர்த்தன. பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கையில் லூர்துசாமி எல்சி வீட்டு வாசலில் நின்றார்.

"ஜல்தியா ஒரு தாள் போட்டுக் குடும்மா. விடியலா இருந்தாலும் சலேகா, பரவால்ல."

எல்சி புதிதாகவே போட்டாள். நீலம் அமைந்தது, மஞ்சள் அமைந்தது. அடிவானச் சிவப்புதான் படுத்தியது. அதற்காகக் கணபதி ஊர்வலத்தில் தூவுகிற ரோஸ் நிறக் குலால் பொடியை வாங்கி வைத்திருந்தாள். பசை பட்டதும் அது ஆட்டு ஈரல் நிறத்துக்குப் போய்விட்டது. காய்ந்த தாளில் வெறும் பொடியைத் தேய்த்தால் அசல் விடியல். நிற்குமா? ஆடாமல் அசையாமல் இருந்தால் நிற்கும். குடிலில் தாள் எங்கே ஆடப்போகிறது என்று அப்படியே கொடுத்துவிட்டாள்.

லூர்துசாமி குடிலின் உச்சியில் இறக்கை வைத்த ஒரு சம்மனசு பொம்மையைக் கட்டி, அது பறக்கிற மாதிரி தெரியட்டும் என்று பக்கத்தில் டேபிள் ஃபேனை ஒளித்துவைத்தது அவளுக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸ் காலையில் குடிலைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

"லூர்துசாமி அண்ணே, கலக்கிட்டீங்க!"

"எல்லாம் ஆண்டவர் கிருபை," என்று அவர் கைகூப்பி வாங்கிக்கொண்டார்.

நாலாவது பெஞ்சில் எல்சிக்கு வயிறு எரிந்தது. கோயில் என்றும் பார்க்காமல் அவரை மனசுக்குள் தமிழிலும் மராத்தியிலும் திட்டித் தீர்த்தாள்.

பூசை முடிந்ததும், குழந்தை யேசு சுரூபத்தை முத்தி செய்ய வரிசை நின்றது. சாமியார் சுரூபத்தைக் குடிலிலிருந்து எடுத்து ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு முத்தத்துக்குப் பின்னும் துணியால் துடைத்தார். பூசை நேரம் முழுக்க ஃபேன் அந்த விடியலை ஊதி ஊதிக் குழந்தைமேல் இறக்கியிருந்தது. துடைக்கத் துடைக்க அது ஈரத்தில் நன்றாகப் பரவியது. முப்பது பேர் நகர்ந்த பிறகுதான் ஒருத்தி தன் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். அவளைப் பார்த்து அவன் சிரித்தான். உதடெல்லாம் ரோஸ், மூக்கு நுனியெல்லாம் ரோஸ். ஹோலி மூன்று மாதம் முன்னாலேயே வந்து கோயிலுக்குள் உட்கார்ந்துவிட்டது. சாமியாரின் வெள்ளை அங்கியும் தப்பவில்லை.

"இது யாரோட வேலை?" என்று கத்தினார் சாமியார்.

லூர்துசாமி கூரையைப் பார்த்தார். "எலி வேலையா இருக்கும், ஃபாதர்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்சி தப்பியிருப்பாள். ஆனால் அந்தக் கேள்விக்காகத்தான் அவள் பதினோரு வருஷம் காத்திருந்தாள். ரோஸ் மூக்கோடு பெஞ்சுமேல் ஏறாத குறையாக எழுந்து நின்றாள்.

"எலி இல்ல, ஃபாதர். நான்தான் செஞ்சேன். எல்சி."