கெட்டி பிளாஸ்டிக் அம்பாசடர்

புதுக்கோட்டை கீழராஜவீதியில் ஒரு பொம்மைக் கடையில் அந்த அம்பாசடரை வாங்கினேன். வெள்ளை நிறம், கெட்டி பிளாஸ்டிக், உள்ளங்கையில் அடங்கும் அளவு. பின்னால் இழுத்து விட்டால் முன்னால் ஓடும். "பேரனுக்கா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குப் பேரன் எடுக்கும் வயதில்லை, தலை கொஞ்சம் முந்திக்கொண்டு நரைத்துவிட்டது, அவ்வளவுதான். "எனக்குத்தான்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதை வாங்கியது இழுத்து விட்டு ஓட்டுவதற்கு இல்லை. திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் நண்பர் ஒருவருக்குப் பூர்வீக வீடு இருக்கிறது. வாசல் ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில். பங்காளிகள் எல்லோரும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு வந்தவர், பூட்டிக் கிடந்த வீட்டின் பெரிய கூடத்தில் ஸ்லாட் கார் தடம் ஒன்றைப் போட்டுவிட்டார். பந்தி மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே பலகை. பலகையில் வளைந்து வளைந்து போகிற பள்ளம், பள்ளத்தின் இரண்டு கரையிலும் செம்பு நாடா. அதில் மின்சாரம் ஓடும். வண்டியின் அடியில் ஒரு சின்ன நாக்கு பள்ளத்தில் இறங்கி நிற்கும், அதன் இரு பக்கமும் செம்புப் பின்னல் நாடாவைத் தொட்டு மோட்டாருக்கு மின்சாரம் எடுத்துக் கொடுக்கும். நம் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கன்ட்ரோலர். ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. சுட்டுவிரலால் விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம்.

வீட்டில் கல்யாணம் என்று வந்தால் தடத்தைக் கழற்றிக் கூடத்தைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் பங்காளிகள் போட்ட நிபந்தனை. ஆவணியில் ஒரு கல்யாணம் முடிவாகிவிட்டது. அதற்குள் அவரவர் கையால் செய்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை கூடுகிற நாங்கள் சிலர் பேசிக்கொண்டோம். நான் அம்பாசடர் என்று சொல்லி வைத்தேன். மெல்லிய பிளாஸ்டிக்கில் அச்செடுத்த பாடி போட்டால் வேகம் வரும், ஆனால் அது பார்க்க உரித்த தோல் மாதிரி இருக்கும். வண்டி என்றால் வண்டி மாதிரி இருக்க வேண்டாமா?

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மற்ற இடங்களில் இரண்டு கையிலும் குத்திப் பார்த்து நரம்பு கிடைக்காமல் அனுப்பிவிட்டவர்கள், மீமிசல் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். "அந்த நரைத்தலை சார் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் டோக்கனே போடுவார்கள். பச்சைக் குழந்தையின் புறங்கையில் நூல் மாதிரி ஓடுகிற நரம்பைத் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். பிள்ளை அழத் தொடங்குவதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பேன். இதில் எனக்குக் கர்வம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தக் கையைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம் வந்திருந்தது.

டீ டம்ளரைப் பிடிக்கும்போது வலது சுட்டுவிரல் லேசாகத் துடிக்கும். பார்வையில்தான் கோளாறு என்று மூக்குக்கண்ணாடியை அடிக்கடி துடைத்தேன். சர்க்கரை இருக்கிறதா என்று என் ரத்தத்தை நானே எடுத்துப் பரிசோதித்தேன், இல்லை. தைராய்டு இல்லை. தூக்கம் போதவில்லை, ஏசி குளிர், காலையில் சாப்பிடவில்லை என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன். அப்பாவுக்கும் இப்படித்தான் விரலில் ஆரம்பித்தது. பிறகு முழுக் கையும் ஆடியது. சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி இலையில் விழும். பந்தியில் பத்துப் பேர் முன்னால் சிந்திச் சாப்பிட வெட்கப்பட்டு, சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அது எனக்கு வரக்கூடாது. வந்தால் என் வேலை போயிற்று. வேலை போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

ஆகவே அம்பாசடரை எனக்கு நானே வைத்த பரீட்சையாக ஆக்கிக்கொண்டேன். இந்த வண்டியைச் சுத்தமாகச் செய்து முடித்துவிட்டால் கைக்கு ஒன்றுமில்லை. இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. டாக்டரிடம் போய் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியவன் பொம்மைக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அடித்தட்டைக் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பிரிங் பெட்டியை எடுத்துப் போட்டேன். நண்பர் கொடுத்த சேஸ் சட்டத்தில் மோட்டாரும் பல்சக்கரமும் பொருத்தியிருந்தது. அது பாடிக்குள் போக, சீட்டுகளை அறுத்து எடுத்து, உள்பக்கம் அரம் போட்டுத் தேய்த்தேன். திருகாணி பிடிக்க நான்கு மூலையிலும் சின்னச் சின்னத் தூண் ஒட்ட வேண்டும். அறுப்பதும் தேய்ப்பதும் முரட்டு வேலை, அதில் நடுக்கம் தெரியாது. ஒட்டும்போது தெரிந்தது. பசைச் சொட்டு விழ வேண்டிய இடத்தில் விழாமல் கதவின் உள்பக்கம் விழுந்தது. மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். லேபிலும் கொஞ்ச நாளாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், நோயாளியின் கையின் மேலேயே என் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு.

நண்பர் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து பார்த்தார். "தம்பி, திருகாணிய இவ்வளவு இறுக்காதீங்க. அரைச் சுத்து தளர விடுங்க. கெட்டி பாடி எடை இருக்கு பாருங்க, இறுக்கிப்புட்டா வளைவுல தூக்கிப் போட்டுரும். பாடி லேசா ஆடணும்."

"ஆடக்கூடாதுண்ணே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆடுகிற எதையும் பார்க்கப் பிடிக்காத காலம் எனக்கு அது. அவர் போன பிறகு தளர்த்தி விட்டேன்.

பெரிய வில்லங்கம் கண்ணாடி ஓரத்துக் கறுப்புக் கோட்டில் வந்தது. அம்பாசடரின் ஜன்னல்களைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்குமே, அந்தக் கோடு இல்லாவிட்டால் அது அம்பாசடரே இல்லை. மயிரிழைத் தூரிகையில் கறுப்பு எடுத்து ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். இழுத்தேன். எறும்பு ஊர்ந்து போன மாதிரி வந்தது. துடைத்தேன். மறுபடி இழுத்தேன். இந்த முறை கோடு கதவுக்கு இறங்கிவிட்டது. அதற்குள் பழைய கறுப்பு காய்ந்து துடைக்கவும் வராமல் போயிற்று. கோபத்தில் லேபிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த சைலீன் பாட்டிலைத் திறந்தேன். மைக்ராஸ்கோப் கண்ணாடிச் சில்லில் எண்ணெய் ஒட்டியிருந்தால் அதில்தான் துடைப்போம். கண்ணாடியிலேயே புழங்குகிறவனுக்கு, கண்ணாடிக்கு ஆகிறது எல்லாவற்றுக்கும் ஆகும் என்று ஒரு நினைப்பு. பஞ்சில் தாராளமாக நனைத்து, கூரையைப் பிடித்துக்கொண்டு அழுத்தித் துடைத்தேன். கறுப்பு போயிற்று. கூடவே பிளாஸ்டிக்கும் போயிற்று. கூரை பிசின் மாதிரி இளகி, என் விரல்கள் அதில் பதிந்துவிட்டன. எடுத்தபோது ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு மூன்று தடம் இருந்தது. ஒரே இடத்தில் நிற்காத விரல் அப்படித்தான் பதியும்.

நான் போட்ட சத்தத்தில் மனைவி உள்ளே இருந்து வந்துவிட்டாள். அவள் ஸ்கூல் டீச்சர், சத்தத்துக்கு அசைகிறவள் இல்லை.

"ஒரு பொம்மைக்கு இம்புட்டுக் கோவமா? ஒங்களுக்குப் பொறுமையே இல்லைங்க. இங்கிட்டுக் கொடுங்க."

வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். விளக்குமாற்றிலிருந்து நாலு ஈர்க்கை உருவி, துண்டு துண்டாக நறுக்கி, குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டினாள். டாக்சியின் தலையில் இருக்கிற லக்கேஜ் கேரியர். விரல் தடத்தை அது முக்கால்வாசி மறைத்துவிட்டது. கறுப்புக் கோட்டையும் அவளே இழுத்தாள், பேசிக்கொண்டே, ஒரே இழுப்பில். "ஒங்களுக்கு வரலையா இது?" என்று சிரித்தாள். கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று சொன்னேன். நம்பினாள். பரீட்சையில் தோற்றது எனக்கு மட்டும் தெரியும்.

ஆடி கடைசி ஞாயிறு. எப்போதும் வராதவள் அன்றைக்கு, "நான் கோடு போட்ட வண்டி ஓடுறதப் பாக்க வேண்டாமா?" என்று பைக்கில் ஏறிக்கொண்டாள். மற்றவர்கள் வருவதற்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சீக்கிரமே போய்விட்டோம். கூடத்தில் நண்பர், நான், அவள், மூன்று பேர்தான்.

வண்டியைப் பள்ளத்தில் இறக்கி, கன்ட்ரோலரை எடுத்து, மெல்ல அழுத்தினேன். வண்டி நகர்ந்தது. ஆனால் மோட்டார் சத்தம் ஒரு சீராக இல்லை. விக்கி விக்கி அழுகிற பிள்ளை மாதிரி ஏறி இறங்கியது. வண்டி வெட்டி வெட்டிப் போனது. கேரியர் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"பின்னல்ல தூசி இருக்கும்" என்று நண்பர் வண்டியை எடுத்து, செம்புப் பின்னலை நகத்தால் கோதிவிட்டார். ஓட்டினேன். அதே விக்கல். நாடாவைத் துணியால் துடைத்துக்கொண்டே தடம் முழுக்கச் சுற்றி வந்தார். அதே விக்கல். பல்சக்கரத்தில் எண்ணெய் விட்டார். வேறு கன்ட்ரோலரை மாட்டிக் கொடுத்தார். அவருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "விடுங்கண்ணே, மோட்டார் சரியில்ல" என்றேன்.

"மோட்டார் புதுசு தம்பி. நான் குனிஞ்சு பின்னலப் பாக்குறேன், அழுத்துறதுக்கு ஒரு ஆளு வேணும். தங்கச்சி, நீங்க இதப் புடிங்க."

வாழ்நாளில் முதல் முறையாக அவள் கன்ட்ரோலரைப் பிடித்தாள். பயந்து பயந்து அழுத்தினாள். அம்பாசடர் வழுக்கிக்கொண்டு போனது. மோட்டார் ஒரே சுருதியில் பாடியது. வளைவில் திரும்பி, நேரில் வேகம் எடுத்து, எங்களைக் கடந்து மறுபடி வளைவுக்குப் போயிற்று. "அய்யோ, போகுதுங்க! போகுது பாருங்க!" என்று அவள் கத்தினாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. நண்பர் நிமிர்ந்தார். வண்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். அவர் பார்வை போன இடத்துக்கு அவள் பார்வையும் வந்தது. அவள் விரல் விசையிலிருந்து தானாக விலகி, வண்டி நேர்த்தடத்தின் நடுவில் நின்றுவிட்டது.

கையைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். அது அங்கேயும் சும்மா இருக்கவில்லை. நண்பர் டீ போட்டு எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போனார். மற்றவர்கள் வருவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பைக்கை நிறுத்தினேன். பின்னாலிருந்து கேட்டாள்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"மாமாவுக்கு இருந்த மாதிரியா?"

பைக் கண்ணாடியை அவள் முகம் தெரியாதபடி திருப்பி வைத்தேன்.

"என்னங்க, பச்சப் புள்ளைகளுக்கு ஊசி குத்துறீங்களே. திருச்சிக்குப் போயி டாக்டரப் பாப்போம்ங்க."

"என் வேலைய எனக்குச் சொல்லித் தராத" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. ரயில் போய் முடிகிற வரை எனக்கு அழுகை வந்துகொண்டே இருந்தது, ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

மறுநாள் லேபில் கூட்டம். குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையோடு வந்திருந்தார். "சார்தான் எடுக்கணும், போன தடவ ஒரே குத்துல எடுத்தாங்க" என்றார். குழந்தையின் புறங்கையைத் தடவிப் பார்த்தேன். நரம்பு கிடைத்தது. ஊசியை எடுத்தேன். முனை வெளிச்சத்தில் ஆடியது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். "நீ எடும்மா. நரம்பு இங்க இருக்கு, நான் கையப் புடிச்சுக்குறேன்."

அவள் பயந்தாள், ஆனால் மறுபேச்சு பேசாமல் வந்து உட்கார்ந்தாள். நான் குழந்தையின் முழங்கையையும் விரல்களையும் சேர்த்து அழுந்தப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சின்னக் கை துடித்தது. அவள் ஊசியை மேலே நிறுத்திக் காத்திருந்தாள். துடிப்பு நிற்கவில்லை.

தாய் பதறிப்போனார். "புள்ளைக்கு என்ன சார் இப்படி நடுங்குது? குளிர்க் காச்சலா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா" என்றேன். "நடுங்குறது என் கை."

அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பிள்ளையின் கையைத் தானே பிடித்துக்கொண்டார்.