கட்டிக்கப் போறவனாக இருந்தாலும்

மாட்டுங்காவில் கல்லூரி அட்மிஷன் வரிசையில் மகளோடு நின்றிருந்தேன். பழைய மாணவி ஒருத்தி என் தோளைத் தொட்டு, "டீச்சர், மெஹர் டீச்சர் தவறிட்டாங்க. செம்பூர்ல அடக்கமும் முடிஞ்சுட்டுதாம்" என்றாள். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். என் மகளிடம் அந்தப் பேச்சை இனி யார் பேசுவார்கள்?

எந்தப் பேச்சு என்று அவரோடு வேலை பார்த்த சக டீச்சர்கள் உங்களுக்குத் தெரியும். தாராவியில் நம் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது பரீட்சை முடிந்ததும் மாணவிகளை மட்டும் உட்காரவைத்துக் கதவைச் சாத்துவார். ரயிலில் ஜாக்கிரதை, தெரியாதவனிடம் பேசாதே என்று நாம் எல்லோரும்தான் சொல்லி அனுப்பினோம். அவர் அதோடு விடமாட்டார். "தெரியாதவன் தொட்டா கத்திருவீங்க. தெரிஞ்சவன் தொட்டாத்தான் வாய் வராது. எவனா இருந்தாலும் சரி, மீறி நடந்துட்டா அது உங்க தப்பு இல்ல. வந்து சொல்லுங்க" என்பார். மறுநாள் பையன்களிடம் இன்னும் கறார். "அவ பேசாம இருந்தா சம்மதம்னு எவம்ல உங்களுக்குச் சொன்னான்?" என்பார்.

தாராவி லேபர் கேம்ப் பகுதிப் பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம். நம் ஆட்கள் பெண்ணைத் தனியாகக் கல்லூரிக்கு அனுப்புவார்களா? துணைக்கு முறைப்பையனைத்தானே அனுப்புவார்கள்! அவளையும் அத்தை மகன்தான் தினமும் வடாலா கல்லூரி வரை கொண்டுபோய் விட்டான். ஒருநாள் சிநேகிதனின் பூட்டிய அறைக்குக் கூட்டிப்போய்க் கெடுத்துவிட்டான். வீட்டில் சொன்னாள். "கட்டிக்கப் போறவன்தானே" என்று படிப்பை நிறுத்திக் கல்யாணத்துக்கு நாள் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் டீச்சரிடம் ஓடிவந்தாள்.

டீச்சர் அவள் வீட்டுக்குக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். டீச்சருக்குக் கோபம் வந்தால் ஸ்டாஃப் ரூமே கப்சிப் ஆகிவிடும். அன்றைக்குக் குரலே உயர்த்தவில்லை. எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்து, "ஏளா, உனக்கு அவனைக் கட்டிக்க இஷ்டமா?" என்று கேட்டார். அந்த வீட்டில் அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. இல்லை என்று தலையாட்டினாள்.

"எங்க வீட்டு விஷயம், நீங்க யாரு?" என்று அப்பா எகிறினார்.

"நான் யாருமில்ல. ஆனா அவ சொல்லுதத நம்புதேன். பெத்தவுக நீங்க நம்பலைன்னா அவ எங்க போவா?"

கல்யாணம் நின்றது. அவள் படிப்பை முடித்தாள். ஆனால் "அசிங்கம் பேசுற டீச்சர்" என்ற பட்டம் மட்டும் இவருக்கு ஒட்டிக்கொண்டது. தலைமையாசிரியர் அந்தப் பேச்சை நிறுத்தச் சொன்னார். அடுத்த வருஷமும் டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அந்தப் பட்டம் வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான்.

என் மகள் வேறு பள்ளியில் படித்தவள். அவளிடமும் டீச்சரே பேசிவிடுவார் என்று நம்பியிருந்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, எனக்குத் தெரிந்த மட்டும் நானே அவளிடம் சொன்னேன். நாக்கு பத்து இடத்தில் தடுக்கியது. கடைசிவரை கேட்டுவிட்டு, "கல்யாண்ல இருக்குற அத்தை மகன்னாலுமாம்மா?" என்றாள்.

அவளைக் கொடுப்பதாக நாங்கள் பேசிவைத்திருப்பது அந்தப் பையனுக்குத்தான். வீட்டுக்காரர் பிசைந்த கை நிற்க என்னைப் பார்த்தார்.

"அவன்னாலும்தான். நீ சொன்னா நான் நம்புவேன்" என்றேன்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தை. என் வீட்டில் அதைச் சொல்லிவிட்டேன். இனி வாபஸ் வாங்க முடியாது.